பானெட்டின் இடப்பக்கம்: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் வெற்றுத் தகட்டில் நேர்ந்த தவறு

பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பதினான்கு மாதங்கள் கழிந்து, இரண்டாவது வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருந்த ஒரு ஜனவரிக் காலையில், என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணிக்கு அடியில் ஏதோ நெருடியது. சாய்ந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், கடுகளவிலிருந்து மிளகளவு வரை நாற்பதுக்குக் குறையாத கொப்புளங்கள் தெரிந்தன. எதுவும் வெடிக்கவில்லை, துருவின் செந்நிறமும் எங்கும் கசியவில்லை. மேல் வண்ணம் பளபளப்புக் குறையாமல்தான் இருந்தது. நான்கு கதவுகள், டிக்கி மூடி, கூரை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அவற்றில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வண்ணம், எப்பாக்சி பிரைமர், வண்ணம் தெளிக்கும் கன், அடித்த கை ஆகிய நான்கும் வண்டி முழுவதற்கும் ஒன்றே. அப்படியிருக்கப் பானெட் மட்டும் ஏன் கெட்டது என்பதைக் கண்டறிய எடுத்த முயற்சியின் பதிவு இது.

இந்த வண்டியின் கட்டுமானம் அந்த ஆய்வுக்குப் பெரிதும் உதவியது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்த வண்டியின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி. சென்னைக்கு அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. நான்கு கதவு வடிவம் பின்னர் வந்தது. உடலும் சேஸியும் (அடிச்சட்டமும்) ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட வண்டிகள் பெருகிவந்த காலத்திலும் ஹெரால்டுக்குத் தனிச் சேஸி இருந்தது, உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தன. முன்பக்க மட்கார்டுகளையும் சேர்த்துப் பானெட் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் தனியே கழற்றி, தனித்தனி நாளில், தனித்தனி முறையில் சுத்தம் செய்திருந்தோம். அப்போது வெறும் வசதிக்காகச் செய்தது, பிற்பாடு பகுதிக்குப் பகுதி ஒப்பிட்டுப் பார்க்க வழிசெய்தது.

முதல் தடவை நடந்தது இதுதான். சேஸியைக் கார்னெட் மணலால் பிளாஸ்ட் செய்து, அதாவது காற்றழுத்தத்தால் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்து, அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிட்டோம். கதவுகளிலும் டிக்கியிலும் இருந்த பழைய அடுக்குகளை, அதாவது மேலே சிந்தெடிக் எனாமல், அதற்கடியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வண்ணம், இடையிடையே விரல் தடிப்புக்குப் பட்டி, அடியில் ரெட் ஆக்சைடு ஆகியவற்றை, கிரைண்டரில் பூட்டிய ஸ்டிரிப் டிஸ்க்கால் உரித்து, 80 எண் உப்புத்தாளாலும் பிறகு 180 எண் தாளாலும் தேய்த்து, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்து, இடது பின்கதவைத் தவிர மற்றவற்றுக்கு அன்றன்றே பிரைமர் பூசினோம். இந்த வேலைகள் எதிலும் தண்ணீர் படவில்லை.

பானெட்டில் மட்டும் வழி மாறியது. அதன் வளைவுகளில் டிஸ்க் சரியாக உட்காராது, அழுத்தினால் தகடு சூடேறி அலையாகிவிடும். ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிப்புள்ள தகட்டை அகன்ற பரப்பில் பிளாஸ்ட் செய்தாலும் இதே ஆபத்து உண்டு. மணல்துகள்கள் மேல்தோலைத் தட்டித் தட்டி விரிப்பதால் தகடு உப்பிக்கொள்ளும். ஆகவே பெயின்ட் ரிமூவர் தடவி வண்ணத்தைக் கழற்றினோம். ஆங்காங்கே தெரிந்த துருப்புள்ளிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசினோம். பிறகு பானெட்டை இடப்பக்கம் கீழாகச் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஹோஸ் பைப்பால் நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டோம். மறுநாள் காலை ஏழரை மணிக்கு மெல்லிய பழுப்பு படர்ந்திருந்ததைக் கண்டு, உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு எப்பாக்சி அடித்தோம். அது நவம்பர் மாதம், இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளி.

கொப்புளங்களைக் கண்டதும் டிங்கர் மேஸ்திரியை வரவழைத்தேன். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஈரத்துல அடிச்சிருக்கோம் சார்" என்றார். "அண்ணே, அன்னிக்கு ஈரம் எங்கே இருந்தது? துடைச்சுக் காயவெச்சுத்தானே அடிச்சோம்?" என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரியற ஈரம் இல்லீங்க" என்றார். பின்னால் யோசிக்கும்போது, அந்தப் பதில் பாதி சரி, பாதி தவறு என்று தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஈரம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாக மாறுமோ, அதுவே பனிநிலை. தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும் என்பதும், ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும் இரும்புக்கு வண்ணம் பூசுவோர் பின்பற்றும் பொதுவிதிகள். மழைக்காலத்துச் சென்னைக் காலையில் 27 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 25.2 டிகிரியாக இருக்கும், அதாவது இடைவெளி 2 டிகிரிகூட இல்லை. இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்த தகடு காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் அந்த இடைவெளியும் இல்லாமற்போகும். கோடைப் பிற்பகலில் 34 டிகிரியும் 60 சதவீதமும் என்றால் பனிநிலை கிட்டத்தட்ட அதே 25 டிகிரிதான், ஆனால் இடைவெளி 9 டிகிரி. ஒரே ஊரில் ஒரே பனிநிலைதான் என்றாலும், வேலை செய்யத் தகுந்த நேரம் எது என்பது இவ்வளவு வேறுபடுகிறது.

ஆகவே மேஸ்திரியின் கருத்தை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடியிருக்கலாம். தடுத்தது இடது பின்கதவு. அந்தக் கதவை முந்தைய நாள் மாலை உரித்து முடித்திருந்தோம்; பானெட்டுக்குக் கலக்கிய எப்பாக்சியில் மிஞ்சியதை வைத்து, அதே காலையில், பானெட்டுக்கு அரைமணி நேரம் கழித்து அந்தக் கதவுக்கும் அடித்தோம். கதவும் இரவு முழுவதும் அதே கொட்டகையில்தான் இருந்தது. காற்றின் ஈரம்தான் குற்றவாளி என்றால் அந்தக் கதவிலும் ஒன்றிரண்டு கொப்புளங்களாவது எழுந்திருக்க வேண்டும். கதவோ இன்றுவரை கண்ணாடிபோல் இருக்கிறது.

அடுத்து கொப்புளங்களின் இருப்பிடத்தைப் படமெடுத்து, காகிதத்தில் பானெட்டின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் புள்ளியாகக் குறித்தேன். இந்தக் கால்மணி நேர வேலை, அதுவரை நடந்த வாதங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லிற்று. வலப்பக்கம் ஒன்பது புள்ளிகள். மற்றவை எல்லாம் இடப்பக்கம். இடப்பக்கத்திலும் அவை சிதறிக் கிடக்கவில்லை. மேலிருந்து கீழே வழிந்த கோடுகளாகவும், இட மட்கார்டின் விளிம்புக்கருகே கூட்டமாகவும் இருந்தன. வண்டி ஓடும்போது மழையும் கல்லும் பானெட்டின் இருபுறமும் ஒன்றுபோலத்தான் படும். இடப்பக்கத்தை மட்டும் தேடிச் செல்லக்கூடியது, இடப்பக்கம் கீழாக நிறுத்திவைத்தபோது அதன்மேல் வழிந்து காய்ந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

பெரிய கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து ஒரு துளி திரவம் வந்தது. இது முக்கியமான அடையாளம். தின்னர் ஆவியாகி வெளியேற முடியாமல் எழும் குமிழி வறண்டிருக்கும், அல்லது உச்சியில் ஊசித்துளை இருக்கும். துரு அடியிலிருந்து தள்ளும்போது குமிழிக்குள் பழுப்புத் தூள் இருக்கும். திரவம் நிறைந்த கொப்புளம் பெரும்பாலும் சவ்வூடு பரவலின் விளைவு. எப்பாக்சிப் படலம் தண்ணீரை முழுமையாகத் தடுப்பதில்லை, மிக மெதுவாக ஊடுருவ விடுகிறது. படலத்துக்கு அடியில் கரையக்கூடிய உப்பு சிறிது இருந்துவிட்டால், ஊடுருவி வந்த நீர் அங்கே உப்புக் கரைசலாகும். அதன் அடர்த்தியைக் குறைக்க வெளியிலிருந்து மேலும் நீர் உள்ளே வரும். அந்த அழுத்தம் படலத்தைத் தகட்டிலிருந்து பிரித்துத் தூக்கும். ஊறுகாய் ஜாடிக்குள் நடப்பதைப் போலவே, இங்கேயும் உப்பு இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் குடிவருகிறது என்று கொள்ளலாம்.

அந்தத் துளி என்ன என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்தேன். பி.எச். தாள் சற்றே அமிலத் தன்மையைக் காட்டியது. உடனே துருநீக்கியின் மீது பழிபோடத் தோன்றியது. ஆனால் இரும்பின் குளோரைடு கரைந்த நீரும் அமிலத்தன்மை கொண்டதே. ஆகவே இந்தச் சோதனையால் எதுவும் முடிவாகவில்லை. இரண்டாவது சில்வர் நைட்ரேட் சோதனை. குளோரைடு இருந்தால் பால்போல வெண்ணிற வீழ்படிவு தோன்றும். பாஸ்பேட் இருந்தால் தோன்றும் வீழ்படிவு மஞ்சள் நிறமுடையது, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அது கரைந்துவிடும், வெண்ணிறம் கரையாது. எட்டுக் கொப்புளங்களின் நீரைப் பேட்டரி தண்ணீரில் (உப்பு நீக்கிய நீரில்) நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்து, ஒரு துளி நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டை விட்டேன். குழாயில் வெண்ணிறம் கலங்கி எழுந்தது. பக்கத்தில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த வெறும் பேட்டரி தண்ணீர் தெளிவாகவே நின்றது.

அந்த உப்பு வந்தது ஹோஸ் பைப்பிலிருந்துதான். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தொலைவில், திருவான்மியூரில் உள்ள அந்தக் கொட்டகைக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். வாயில் வைத்தாலே கரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தர விதி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே 600 என்று வைத்துக்கொண்டால், சாதாரண உப்பாகக் கணக்கிட்டு அது லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். துணியால் ஒற்றிய பிறகும் 0.05 மி.மீ. தடிப்பில் ஒரு நீர்ப்படலம் தகட்டில் நின்று காய்ந்தால், சதுர மீட்டருக்கு 50 மில்லிலிட்டர் நீர் போய், 50 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். கப்பல் சமநிலையில் மிதக்கக் கடல்நீரை நிரப்பும் நிலைப்பு நீர்த்தொட்டிகளுக்கு வண்ணம் பூசுமுன் தகட்டில் இருக்கக்கூடிய உப்புக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் வகுத்த உச்சவரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். குடிக்க அனுமதிக்கப்பட்ட தண்ணீர், மெல்லிய ஈரமாக நின்று ஒரே ஒரு தடவை காய்ந்தால், கப்பல் தொட்டியின் வரம்பைத் தொட்டுவிடுகிறது. நீர் வழிந்து தேங்கிய இட விளிம்பில் படலம் இதைப்போலப் பல மடங்கு தடித்திருக்கும். காலையில் கண்ட மெல்லிய பழுப்பை நாங்கள் வெறும் காற்றுத்துரு என்று நினைத்தோம். உப்புத்தாள் அதன் நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு, உப்பைத் தகட்டின் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கியிருக்கிறது. பெயருக்கு ஏற்ற வேலையை அந்தத் தாள் அன்றுதான் செய்தது.

அமிலத்தின் பங்கை முற்றிலும் தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுவது நல்லதுதான். ஆனால் மிகுந்த அமிலம் காய்ந்து பிசுபிசுப்பாகத் தங்கினால், அமீன் வகைக் கடினப்படுத்தியால் இறுகும் எப்பாக்சியின் அடிப்பகுதி சரியாக இறுகாமற்போகும். இதனால்தான் எப்பாக்சி தயாரிப்பாளர்கள் பலரும் அமிலம் பட்ட தகட்டின்மேல் தங்கள் பிரைமரை நேரடியாகப் பூசவேண்டாம் என்கிறார்கள். எங்கள் பானெட்டில் வலப்பக்கம் தோன்றிய ஒன்பது கொப்புளங்களில் நான்கு, துருநீக்கி பூசிய இடங்களிலேயே இருந்தன. அந்த நான்கும் அமிலத்தால் வந்தவையா, துருக்குழிகளில் முன்பே இருந்த குளோரைடால் வந்தவையா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

துருக்குழியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை தோற்பது அங்கேதான். குழியின் அடியில் குளோரைடு இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாக இருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் வந்தால் அது துருவாகி, அமிலத்தை விடுவிக்கும். அந்த அமிலம் புதிய இரும்பைத் தின்று மறுபடியும் குளோரைடாகும். குளோரைடு செலவாவதே இல்லை, முதல் கரையாத வட்டிக் கடன்போலத் தொடரும். கம்பிச் சக்கரத்தால் தேய்த்தால் இந்தக் குழிகள் கருத்துப் பளபளக்கும், பார்ப்பவருக்குச் சுத்தமான இரும்பாகவே தோன்றும். உண்மையில் துருவை மெருகேற்றி உள்ளே அடைத்திருப்போம். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கம்பிச் சக்கரத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

மார்ச் மாதத்தில் பானெட்டை மீண்டும் கழற்றினோம். இந்தத் தடவை ரிமூவரைத் தொடவில்லை. வெளிப்பரப்பைக் கையால் இயக்கும் தேய்ப்பானைக் கொண்டு 80 எண் தாளால் உரித்தோம். மூன்று நாள் பிடித்தது, மேஸ்திரியின் முணுமுணுப்பு நான்கு நாளுக்கு இருந்தது. உட்புறச் சக்கர வளைவுகளில் இருந்த குழிகளை மட்டும் சிறு பிளாஸ்டரால் இடமிடமாகக் கார்னெட் அடித்துச் சுத்தம் செய்தோம். அதன்பின் பேட்டரி தண்ணீரில் நனைத்த புதுத்துணியால் துடைத்து, ஒவ்வொரு துணியையும் ஒரே தடவை பயன்படுத்தி, வெப்பக்காற்றால் உடனே உலர்த்தினோம். பிறகு வேண்டுமென்றே ஓர் இரவு விட்டுவைத்தோம். உப்பு மிஞ்சிய குழிகள் மறுநாள் கருத்தோ பழுத்தோ தம்மைக் காட்டிக்கொடுத்தன. அவற்றை மறுபடியும் பிளாஸ்ட் செய்து, மறுபடியும் துடைத்தோம். மூன்றாம் சுற்றில் புள்ளிகள் தோன்றவில்லை. துடைத்த துணியைப் பிழிந்த நீரும் சில்வர் நைட்ரேட்டில் கலங்கவில்லை.

தகட்டின் வெப்பநிலையை அளக்கும்போது ஒரு சிறு பாடம் கிடைத்தது. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி, பளபளக்கும் வெற்று இரும்பில் தவறான எண்ணைக் காட்டும். அது தகட்டில் எதிரொளிக்கும் கூரையின் வெப்பத்தையும் சேர்த்துப் படித்துவிடுகிறது. கருப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, டேப்பைக் குறிபார்த்து அளந்தால் சரியாக வரும்.

பிரைமரைப் பொறுத்தவரை எட்ச் பிரைமரா, எப்பாக்சியா என்ற பழைய வழக்கு எழுந்தது. எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் இரும்பைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் படலம் 10 மைக்ரான் அளவுக்கு மெல்லியது, தனியே விட்டால் ஈரத்தைத் தாங்காது, அதன்மேல் நேரடியாகப் பாலியெஸ்டர் பட்டி வைத்தால் பிடிமானம் கெடும். உரசிக் கீறல் உண்டாக்க முடியாத இடத்துக்கும் அலுமினியத்துக்கும் அது பயன்படலாம். நன்றாக உரசிய இரும்புத் தகட்டுக்கு எப்பாக்சியே போதும் என்பது என் முடிவு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள், எட்ச் பிரைமரின் அமிலமும் எப்பாக்சியின் அமீனும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பதை மறந்துவிடுகிறார்கள். மேஸ்திரி பரிந்துரைத்த ரெட் ஆக்சைடு, வீட்டுக் கிரில்லுக்குப் பழுதில்லை. காரின் வெற்றுத் தகட்டுக்கு, அதுவும் மேலே இருபாக வண்ணம் (கடினப்படுத்தி கலந்து அடிக்கும் வண்ணம்) வரப்போகிற நிலையில், அந்த வண்ணத்தின் வீரியமான தின்னர் அதைச் சுருக்கித் தூக்கிவிடும் வாய்ப்பு உண்டு.

பிற்பகல் இரண்டு மணிக்கு, கடற்காற்று வரும் பக்கத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு அடித்தோம். வண்ணத்துக்குள் தண்ணீர்த்துளி பறந்து வராதிருக்க, கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றினோம். அரைக் குவளைக்குக் குறையாமல் வந்தது. முதல் தடவை இதையும் யாரும் செய்யவில்லை. கிரீஸ் நீக்கியை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்கு முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்தோம். காயவிட்டால் கிரீஸ் மறுபடி தகட்டிலேயே படிந்துவிடும். அதன்பின் யாரும் வெறுங்கையால் தொடவில்லை, வியர்வையும் உப்புநீர்தானே. கலவையை இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு பூச்சுகளாக அடித்து, இறுகிய பின் தடிப்புமானியில் பார்த்தபோது பெரும்பாலான இடங்களில் 60 மைக்ரானை ஒட்டி இருந்தது. பட்டி தேவைப்பட்ட இரண்டு பள்ளங்களையும் வெற்றுத் தகட்டில் நிரப்பாமல், எப்பாக்சியை உரசி அதன்மேல்தான் நிரப்பினோம்.

அதன்பிறகு இரண்டு மழைக்காலங்கள் போயிருக்கின்றன. பானெட்டின் வெளிப்பரப்பில் கொப்புளம் எதுவும் இல்லை. உட்புறத்தில், இட மட்கார்டும் சக்கர வளைவும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து சேரும் விளிம்பில் மட்டும், கடுகளவில் மூன்று எழுந்துள்ளன. முதல் தடவை கழுவிய நீர் அந்த மடிப்புக்குள் புகுந்திருக்கவேண்டும். அதற்குள் பிளாஸ்டரின் மூக்கும் துணியும் நுழையவில்லை. மடிப்பைப் பிரித்துச் சுத்தம் செய்வதென்றால் ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு எடுக்கவேண்டும். மேஸ்திரி வரும் பிப்ரவரியில் நாள் கொடுத்திருக்கிறார். கொட்டகைக்கு இப்போது பேட்டரி தண்ணீர் இருபது லிட்டர் கேனில் வருகிறது.